ஒரே ரத்தம், ஒரே விடை

(மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் மருத்துவ உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் எண்ணைப் பார்க்கிறோம். அடுத்து, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' அளவைப் பார்க்கிறோம். ஏதாவது ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார். அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதை வைத்து அதை நம்பலாம், எங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையின் தரம் எந்திரத்தின் விலையில் இல்லை. 'என் விடை சரிதானா?' என்று ஓர் ஆய்வகம் நாள்தோறும் தன்னையே கேட்டுக்கொள்கிறதா, அதே கேள்வியை வெளியார் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்கிறதா என்பதில்தான் தரம் இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெல்க், சண்டர்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரே மாதிரியைப் பல குப்பிகளில் பிரித்து, பல மருத்துவமனை ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். சர்க்கரை, யூரியா, கால்சியம், ஹீமோகுளோபின் போன்றவற்றை அளந்து விடை அனுப்பச் சொன்னார்கள். 1947இல் அந்த முடிவுகள் வெளியாயின. ஒரே குப்பிக்கு வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்க முடியாத விடைகளே மிகுதி. அந்த ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். தம் விடையை அடுத்தவர் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழியே அன்று அவர்களுக்கு இல்லை. அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் ஆய்வகங்கள் தங்களையே பரவலாக அளந்து பார்க்கத் தொடங்கின. இன்று நாம் ஆய்வகங்களில் 'தரக் கட்டுப்பாடு' என்று சொல்வதெல்லாம் அந்த அதிர்ச்சியிலிருந்து முளைத்தது.

இனி, உங்கள் கையிலிருந்து புறப்படும் ரத்தத்தின் பின்னால் போவோம்.

பிழை என்றால் எந்திரத்தில்தான் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில், ரத்தம் எந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலான பிழைகள் நடந்து முடிந்துவிடுகின்றன. பெயர் மாறிப்போவது முதல் பிழை. எல்லாவற்றிலும் கொடியதும் அதுதான். அதனால்தான் ரத்தம் எடுப்பவர் "நீங்கதானே முருகன்?" என்று கேட்கக் கூடாது, "உங்க பேர் என்ன, வயசு என்ன?" என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்று பயிற்சி தருகிறோம். டியூபில் பெயர் ஒட்டுவதையும் நோயாளியின் எதிரிலேயே செய்ய வேண்டும்.

டியூபுகளின் மூடிக்கு ஏன் இத்தனை நிறம் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஊதா மூடி போட்டதில் ஈடிடிஏ என்ற உப்பு இருக்கிறது. ரத்தம் உறையாமல் அது பார்த்துக்கொள்ளும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது ஏற்றது. நீல மூடியில் சிட்ரேட், உறைதல் பரிசோதனைக்கு. சாம்பல் மூடியில் ஃப்ளூரைடு, சர்க்கரைக்கு. சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் ரத்தத்தை உறைய விட்டுச் சீரம் பிரித்தெடுப்பார்கள். இவற்றில் எதை முதலில் நிரப்புவது, எதைப் பிறகு நிரப்புவது என்பதற்கும் உலக அளவில் ஒப்புக்கொண்ட வரிசை உண்டு. ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் உப்பு. அதில் ஒரு துளி, அடுத்து நிரப்பும் சீரம் டியூபில் கலந்துவிட்டால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். இதயத் துடிப்பே நின்றுவிடும் அபாயம் என்று மருத்துவர் ஓடி வருவார்; நோயாளியோ கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பநிலையில் வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறையும். சாம்பல் மூடியில் இருக்கும் ஃப்ளூரைடு அதைத் தடுக்கும். ஆனால் உடனே தடுத்துவிடாது. முதல் ஓரிரு மணி நேரத்தில் அதையும் மீறிச் சற்றுக் குறையவே செய்யும். காலையில் கிராமத்து முகாமில் எடுத்த ரத்தம், சித்திரை வெயிலில் பெட்டிக்குள் கிடந்து மாலையில் லேபுக்கு வந்தால், எல்லையில் நிற்கும் சர்க்கரை நோயாளி அந்தத் தாளில் நலமானவர் ஆகிவிடுவார். அந்த லேபில் இருப்பது கோடி ரூபாய் எந்திரமாக இருந்தாலும் டியூபில் இல்லாத சர்க்கரையை அது கண்டுபிடிக்காது.

நோயாளியின் பங்கும் இதில் உண்டு. வெறும் வயிறு என்றால் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை, காபியும் கிடையாது. கையைக் கட்டிய பிறகு விரல்களை மடக்கி மடக்கி விரிக்காதீர்கள், பொட்டாசியம் ஏறும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள். முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பயோட்டினைக் கொண்டு இயங்கும் சில பரிசோதனை முறைகளை அது தடுமாற வைத்து, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

இப்போது எந்திரத்துக்கு வருவோம். காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தை ஏற்றுவதற்கு முன் நல்ல ஆய்வகம் 'கன்ட்ரோல்' போடும். கன்ட்ரோல் என்பது எவ்வளவு காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி. இயல்பான அளவில் ஒன்று, நோய் அளவில் ஒன்று என்று குறைந்தது இரண்டு போடுவது வழக்கம். வந்த விடையை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். இந்த வரைபடம் பிறந்த இடம் மருத்துவமனை அல்ல. 1924இல் வால்ட்டர் ஷூஹார்ட் என்பவர், தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையின் தரத்தைக் கண்காணிக்க இதை வகுத்தார். 1950இல் லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் இதை மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் 'லீவி-ஜென்னிங்ஸ் சார்ட்' என்றே சொல்கிறோம்.

இந்த வரைபடத்தைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்த அளவீடும் ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே விடையைத் தராது. சற்று முன்னே பின்னே ஆடும். அந்த ஆட்டத்தின் அளவைத் திட்ட விலக்கம் என்கிறோம். எந்திரம் முழு நலத்தோடு இருந்தாலும் ஏறக்குறைய இருபதில் ஒரு புள்ளி, இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே விழும். மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே விழுவதோ ஆயிரத்தில் மூன்றுதான். ஆகவே எந்தப் புள்ளிக்கு அஞ்ச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதற்கு விதி வேண்டும். 1981இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் அவருடைய குழுவினரும் அந்த விதிகளை வகுத்துத் தந்தார்கள். ஒரு புள்ளி மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால் நிறுத்து. அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கத்தில் இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டினால் நிறுத்து. பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லைக்குள்ளேயே இருந்தாலும் நிறுத்து. ஏதோ ஒன்று மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது.

ஆய்வக நுட்புநர் படிப்புப் படிக்கும் மாணவர்களே, உங்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே வந்தால், அது உள்ளே வரும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நாலாவது முறை உள்ளே விழுந்ததும் 'வந்துடுச்சு' என்று அதை மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டு நோயாளி மாதிரிகளை ஏற்றுவார்கள். வெளியே நிற்கும் கூட்டமும் ரிப்போர்ட் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளும் அப்படிச் செய்யத் தூண்டும். ஆனால் அந்தக் கணத்தில் கன்ட்ரோல் உங்களை எச்சரித்துவிட்டது. நீங்கள்தான் அதன் வாயைப் பொத்திவிட்டீர்கள். ரீஏஜென்ட் கெட்டிருக்கிறதா, கேலிப்ரேஷன் விலகியிருக்கிறதா, எந்திரத்தின் விளக்கு மங்கியிருக்கிறதா என்று காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, நடந்ததை நடந்தபடியே எழுதி வைப்பதுதான் இந்தத் தொழிலின் அறம். வெளியே விழுந்த புள்ளிகளே இல்லாத பதிவேட்டைப் பார்த்தால் அனுபவமுள்ள தணிக்கையாளர் பாராட்ட மாட்டார், சந்தேகப்படுவார்.

கன்ட்ரோல், ஆய்வகம் நேற்றும் இன்றும் ஒரே மாதிரி அளக்கிறதா என்று காட்டும். பக்கத்து ஊர் ஆய்வகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை அது காட்டாது. அதற்காகத்தான் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டங்கள் இருக்கின்றன. நம் வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவ உயிர்வேதியியல் துறை, இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து இப்படியொரு திட்டத்தைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. விடை தெரியாத மாதிரிகள் நாடெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான ஆய்வகங்களுக்குப் போகின்றன. எல்லாரும் அளந்து விடை அனுப்புகிறார்கள். ஒத்த முறையில் அளந்த மற்றவர்களோடு ஒப்பிட்டு, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறார்கள். ரத்த அணுப் பரிசோதனைகளுக்கு டெல்லி எய்ம்ஸும் இதுபோன்ற திட்டத்தை நடத்துகிறது. பென்சில்வேனியாவில் ஒருமுறை நடந்த அந்தச் சோதனை, இன்று ஆண்டு முழுவதும் நடக்கும் ஏற்பாடாக ஆகியிருக்கிறது.

சரி, எல்லா ஆய்வகங்களும் ஒத்துப்போகின்றன என்றே வைத்துக்கொள்வோம். எல்லாரும் சேர்ந்து தவறாக இருந்தால்? சரியாக இருப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் அடிப்படை அளவு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் கொடுத்த பொன்னைப் பற்றிக் கல்வெட்டில் பொறித்தவர்கள், இத்தனை எடை என்று சொல்வதோடு நிற்கவில்லை. 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட கல்லால் நிறுத்தது என்றும் சேர்த்துப் பொறித்தார்கள். எந்தக் கல்லால் நிறுத்தது என்று சொல்லாத எடை, எடையே அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஆய்வகத்திலும் அப்படித்தான். உங்கள் சர்க்கரை அளவு, எந்திரத்துக்கு அளவைக் கற்றுத்தரும் கேலிப்ரேட்டரைச் சார்ந்தது. அந்தக் கேலிப்ரேட்டர் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மூல மாதிரியைச் சார்ந்தது. அது, அமெரிக்காவின் நிஸ்ட் போன்ற அளவியல் நிறுவனங்கள் சான்றளித்த மிகத் தூய குளுக்கோஸைச் சார்ந்தது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலி இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதற்கு ரத்த உறைதல் பரிசோதனை நல்ல சான்று. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள் வார்ஃபரின் போன்ற மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள். குறைந்தால் ரத்தம் கட்டும். கூடினால் ரத்தம் கசியும். அளவை அறிய 1935இல் ஆர்மண்ட் குயிக் அறிமுகம் செய்த புரோத்ராம்பின் நேரப் பரிசோதனை உதவியது: த்ராம்போபிளாஸ்டின் என்ற பொருளைச் சேர்த்து, ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. இந்தப் பொருளை முயலின் மூளை போன்ற திசுக்களிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு உணர்திறன். ஒரே நோயாளியின் ரத்தம் ஓரிடத்தில் ஒரு விநாடிக் கணக்கும் வேறிடத்தில் வேறு கணக்கும் காட்டியது. அமெரிக்காவில் உணர்திறன் குறைந்த தயாரிப்புகள் புழக்கத்தில் இருந்ததால், பிரிட்டனில் இருந்தவர்களைவிட அங்கே நோயாளிகள் அதிக மாத்திரை விழுங்கினார்கள். அதற்கேற்ப ரத்தக் கசிவுக்கும் ஆளானார்கள்.

1983இல் உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தீர்வை ஏற்றது. கணிதம் அறிந்த டாம் கர்க்வுட் அதற்கான கணக்கு முறையைத் தந்தார். ஒவ்வொரு த்ராம்போபிளாஸ்டினையும் உலகப் பொது மாதிரியோடு ஒப்பிட்டு அதற்கு ஓர் உணர்திறன் எண் கொடுப்பார்கள். நோயாளியின் விநாடிகளை நலமானவர்களின் சராசரி விநாடிகளால் வகுத்து, வரும் விகிதத்தை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பதுதான் ஐ.என்.ஆர். விகிதம் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். உணர்திறன் எண் 1 ஆக இருந்தால் ஐ.என்.ஆர். 2, நோயாளி பத்திரமாக இருக்கிறார். உணர்திறன் எண் 2 ஆக இருந்தால் ஐ.என்.ஆர். 4, மாத்திரையைக் குறைக்க வேண்டியவர் அவர். தாளில் தெரியும் விகிதம் ஒன்றேதான். புது ரீஏஜென்ட் பெட்டி வந்ததும் அதன் உணர்திறன் எண்ணை எந்திரத்தில் மாற்றிப் பதிய மறந்துவிட்டால் இந்த அமைப்பு முழுதும் வீண். இந்தப் பரிசோதனைக்கான நீல மூடி டியூபை அதன் கோடு வரை நிரப்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குறைவாக நிரப்பினால் உறையும் நேரம் பொய்யாக நீளும்.

அடுத்தது, நம்மவர் 'மூணு மாச சுகர்' என்று சொல்லும் எச்பிஏ1சி. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில், சர்க்கரை ஒட்டிய இந்த ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டார். 1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த டி.சி.சி.டி. ஆய்வு முடிவு வந்தது. முதல் வகைச் சர்க்கரை நோயில், எச்பிஏ1சியை 9 விழுக்காட்டை ஒட்டி விட்டுவிடாமல் 7ஐ ஒட்டி வைத்திருந்தால், விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. உலகம் முழுவதும் '7க்குள் வை' என்ற அறிவுரை பிறந்தது. ஆனால் யாருடைய 7? அந்த ஆய்வின் ரத்த மாதிரிகள் அனைத்தும் ஒரே மைய ஆய்வகத்தில் ஒரே முறையில் அளக்கப்பட்டவை. வெளியே ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு முறையில் அளந்துகொண்டிருந்தது. 1996இல் தொடங்கிய என்.ஜி.எஸ்.பி. என்ற திட்டம், எந்த எந்திரத்தின் விடையும் டி.சி.சி.டி. ஆய்வின் விடைக்கு நிகராக இருக்கும்படி படிப்படியாகச் சரிசெய்தது. இப்படி ஒழுங்குக்கு வந்த பிறகுதான் 6.5 விழுக்காட்டை நோயைக் கண்டறியும் எல்லையாகவே வைக்கலாம் என்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது.

ஒழுங்குக்கு வந்த எண்ணும் எல்லாருக்கும் பொருந்தாது. இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவருக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு இது பொருந்தும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் வடிவச் சிவப்பணுத் தன்மை இருப்பதைப் பதிவு செய்தார்கள். அந்த நோய் முழுமையாக உள்ளவருக்கு எச்பிஏ1சியைப் பார்த்துச் சர்க்கரையைக் கணிக்கக் கூடாது. அவருக்கு வேறு பரிசோதனை வேண்டும். யாருக்கு எது பொருந்தாது என்று சொல்வதும் ஆய்வகத்தின் கடமை.

'நார்மல்' அளவு பற்றி ஒரு விளக்கம். நலமாக உள்ள பலரை அளந்து, நடுவில் வரும் 95 விழுக்காட்டினரின் எல்லையைத்தான் ரிப்போர்ட்டில் அச்சிடுகிறார்கள். அப்படியானால் முழு நலத்தோடு இருக்கும் இருபது பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே வருவார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஒன்றாவது வெளியே விழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மாஸ்டர் செக்கப் என்று எழுபது, எண்பது பரிசோதனை செய்துகொண்டு, இரண்டு தடித்த எண்களைப் பார்த்து அஞ்சுபவர்கள் இதை நினைவில் வையுங்கள். போன முறை எச்பிஏ1சி 7.0, இந்த முறை 7.2 என்றால் அது அளவீட்டின் இயல்பான ஆட்டமாகவே இருக்கலாம்.

அலகையும் பாருங்கள். சென்னையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 என்று எழுதுவதைக் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் 7.0 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே. வெளிநாட்டில் இருக்கும் மகன் அம்மாவின் ரிப்போர்ட்டைத் தொலைபேசியில் கேட்டு மருந்து பற்றிப் பேசும் காலம் இது. எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவருவது ஐ.எஸ்.ஓ. 15189 என்ற உலகத் தரநிலை. 2003இல் முதலில் வந்தது; 2022இல் நான்காம் பதிப்பு வந்தது. ரத்தம் எடுப்பது முதல் உயிருக்கு ஆபத்தான விடையை உடனே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுதி வைப்பது வரை அதில் அடங்கும். நம் நாட்டில் அதற்கு அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல். அந்த அங்கீகாரம் பெறச் செலவாகும், ஆள் பலம் வேண்டும். தெருமுனையில் இருக்கும் சிறிய லேபுகள் எல்லாவற்றாலும் அதைப் பெற முடியாது. ஆனால் தினமும் கன்ட்ரோல் போடுவதும், ஏதாவதொரு வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் சேர்வதும் எந்தச் சிறிய லேபாலும் முடியும். அரசு இந்த இரண்டையும் ஒவ்வொரு லேபுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்து லேப் உள்பட, கட்டாயமாக்க வேண்டும். சிறிய லேபுகளுக்கு அதற்கான கட்டணத்தில் உதவவும் வேண்டும். இந்த வேலையைச் சுமப்பவர்கள் டி.எம்.எல்.டி. படித்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில், பெயர் தெரியாமல், விடிகாலையிலிருந்து நிற்கும் நுட்புநர்கள். 'கன்ட்ரோல் சரியில்லை, ரிப்போர்ட் தர முடியாது' என்று ஒரு நுட்புநர் சொன்னால், முதலாளியும் மருத்துவரும் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லேபுக்குப் போகும்போது, "எவ்வளவு ஆகும்? எப்ப ரிப்போர்ட் கிடைக்கும்?" என்ற இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றைக் கேளுங்கள்: "இங்கே தினமும் கன்ட்ரோல் போடுறீங்களா? வெளித் தர மதிப்பீட்டில் சேர்ந்திருக்கீங்களா?" நல்ல லேப் கோபப்படாது; மகிழ்ந்து எடுத்துக் காட்டும். ஊரில் நூறு பேர் இதைக் கேட்கத் தொடங்கினால், எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே லேபுகள் மாறும். பணம் உள்ளவர் பெரிய நகரத்தில் பெறும் அதே விடையை, மலைக்கிராமத்துத் தாய் தன் ஊர் சுகாதார நிலையத்தில் பெற வேண்டும். அது அவருக்கு உரிய நீதி. அதைப் பெற்றுத் தருவது நம் எல்லாருடைய வேலை.